வெளியில் வாங்கிய இஞ்சின் பாகங்கள்: வாங்குவதும் மாட்டுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கொழிஞ்சாம்பாறையில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கிழக்கே வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, மேற்கே போனால் பாலக்காடு. அதனால் இரண்டு மாநில நம்பர் வண்டிகளும் வரும். பழைய ஹோண்டா சிட்டி விடெக், மாருதி எஸ்டீம், ஃபியட் பாலியோ 1.6, போலோ ஜி.டி. இவைதான் அதிகம். வருகிறவர்கள் கேட்பதெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள். போனில் பாதியும் நேரில் மீதியுமாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. உதாரணங்கள் பெரும்பாலும் சிட்டி விடெக்கின் 1.5 லிட்டர் இஞ்சினை வைத்தே இருக்கும். என் சொந்த வண்டி அதுதான்.

அண்ணா, முதலில் எந்தப் பாகத்தை வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கேஜில் பார்ப்பது) எடுங்கள். இஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து எடுக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், அந்த இஞ்சினில் கேம் ஷாஃப்டும் (வால்வைத் திறந்து மூடும் தண்டு) ஹெட்டரும் (புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பு) மாட்டுவது வீண் செலவு. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இது தெரிந்த பிறகுதான் பட்டியல் போட வேண்டும்.

இன்னொன்று. பவர் ஏற்றப்போகும் வண்டிக்கு பிரேக், டயர், ரேடியேட்டர் மூன்றும் முன்னால் சரியாக வேண்டும். இதை எல்லோருக்கும் சொல்கிறேன், பாதிப்பேர் கேட்பதில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சாதாரண ஸ்பேர் (கேஸ்கெட், சீல், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட்) என்றால் கோவையிலேயே கிடைக்கும். பழைய பாகங்களுக்கு உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகள், பெரிய அளவில் தேடினால் சென்னை புதுப்பேட்டை. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), ஹெட் ஸ்டட் (சிலிண்டர் மூடியான ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் திருகு), மாற்று கேம் போன்றவற்றை வெளிநாட்டில் இருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். ஆனால் வெளிநாட்டுப் பெட்டியைப் பிரித்த பிறகு செய்ய வேண்டிய வேலைக்கு நம் கோவையைவிட்டு எங்கேயும் போக வேண்டாம். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பம்பும் மோட்டாரும் செய்து பழகிய லேத்துகள் இருக்கின்றன. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பார்த்து வேலை செய்யும் கைகள் அங்கே உண்டு.

சிட்டி இஞ்சின் 75 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்) தானே? 75 மி.மீ. ஹோண்டா பிஸ்டன் எது கிடைத்தாலும் போடலாமா?

போடக்கூடாது. வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார். சிட்டியில் இருக்கும் ஹோண்டா டி15 இஞ்சினுக்கும் டி16 இஞ்சினுக்கும் போர் ஒன்றுதான், 75 மி.மீ. ஆனால் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வேறு. டி15-க்கு 84.5 மி.மீ., டி16-க்கு 90 மி.மீ. பிளாக்கின் உயரம், கன்ராடு நீளம், பிஸ்டனில் பின் துளை இருக்கும் உயரம் எல்லாம் இதனோடு சேர்ந்து மாறும். வெளிநாட்டு விற்பனைப் பட்டியல்களில் டி16 பிஸ்டன்தான் அதிகம் கண்ணில் படும். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டால், பிஸ்டன் டெக்குக்கு (பிளாக்கின் மேல் முகம்) கீழேயே நின்று கம்ப்ரஷன் செத்துப்போகும், இல்லாவிட்டால் மேலே ஏறி ஹெட்டை இடிக்கும்.

ஆகவே வாங்குமுன் ஐந்து எண்களைக் கேட்டு வாங்குங்கள்: போர், பின் விட்டம், பின் மையத்தில் இருந்து பிஸ்டன் தலை வரை உயரம், தலையில் உள்ள மேடு அல்லது பள்ளத்தின் சி.சி., ரிங்குகளின் தடிமன். இந்த ஐந்தும் தராத விற்பனையாளரிடம் பிஸ்டன் வாங்க வேண்டாம். கன்ராடு என்றால் மைய நீளம், பெரிய முனை விட்டம், சிறிய முனை விட்டம், பெரிய முனையின் அகலம்.

டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியையும் ஹோலோகிராமையும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதையும் அச்சடிக்கிறார்கள். பாகத்தைப் பாருங்கள். பிளக்கில் பீங்கான் மேல் எழுத்து நகத்தால் சுரண்டினால் வருகிறதா, இழை சுத்தமாக வெட்டியிருக்கிறதா, நடு எலக்ட்ரோடு நேராக நிற்கிறதா. ஆயில் ஃபில்டர் என்றால் ஒரே நம்பர் ஃபில்டர் இரண்டை எடை போட்டுப் பாருங்கள். பேரிங் மெட்டல் (கிராங்க் சுழலும் இடத்தில் வைக்கும் மெல்லிய உலோக ஓடு) என்றால் ஆயில் துளை சரியான இடத்தில் இருக்கிறதா, நாக்கு பள்ளத்தில் உட்காருகிறதா என்று பார்த்து, தடிமனை மைக்ரோமீட்டரில் எடுங்கள்.

எனக்கே நடந்தது சொல்கிறேன். என் வண்டிக்குக் கன்ராடு மெட்டல் ஒரு செட் வாங்கினேன். சீல் உடைக்காத பெட்டி, ஸ்டாண்டர்ட் அளவு என்று அச்சிட்டிருந்தது. அவசரம், மாலைக்குள் இஞ்சினை மூட வேண்டும். இருந்தாலும் பழக்கத்தில் பிளாஸ்டிகேஜ் வைத்துப் பார்த்தேன். அது மெழுகு நூல் மாதிரி இருக்கும். ஜர்னல் (கிராங்கில் கன்ராடு உட்காரும் உருண்டைப் பகுதி) மேல் ஒரு துண்டு வைத்து, மெட்டலோடு கேப்பை மாட்டி, டார்க் ரெஞ்சால் (குறித்த விசைக்கு இறுக்கும் ஸ்பானர்) இறுக்கி, சுற்றாமல் கழற்ற வேண்டும். நூல் எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ, அதை உறையில் அச்சிட்ட கோடுகளோடு வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். முதல் மூன்றும் 0.04 மி.மீ. பக்கம். நான்காவதில் நூல் நசுங்கவே இல்லை, ஏதோ தொட்டது போல் லேசாகத் தட்டையாகி இருந்தது. 0.10 மி.மீ. வந்தது. மைக்ரோமீட்டரில் எடுத்தால் ஒரே பெட்டிக்குள் இரண்டு தடிமன் மெட்டல் கலந்திருந்தது. விற்றவர் மாற்றிக் கொடுத்தார். அளக்காமல் மூடியிருந்தால் அந்த ஜர்னலில் ஆயில் பிரஷர் நின்றிருக்காது. கன்ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கும்.

வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் வரி எப்படி?

சொந்த உபயோகத்துக்கு ஒரு செட் வரவழைக்க ஏற்றுமதி-இறக்குமதி கோடு நம்பர் (ஐ.இ.சி.) தேவையில்லை. ஆனால் கூரியர்காரர் அடையாளச் சான்று கேட்பார். சுங்க வரியும் அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி.யும் பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்த மொத்தத்துக்கு வரும். கனமான கன்ராடு செட்டுக்கு அனுப்பும் செலவே பெரிய தொகை என்பதால், இதை மறந்து கணக்குப் போட்டவர்கள் கடைசியில் திண்டாடுகிறார்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். சுங்கத்தில் சந்தேகம் வந்தால் பெட்டி வாரக்கணக்கில் நின்றுவிடும்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். ஊருக்கு வரும்போது கேம் ஷாஃப்டைக் கொண்டு வரச் சொல்வது வழக்கம். கொண்டு வரலாம், பில் கூடவே இருக்கட்டும். உடைமைச் சலுகை வரம்பைத் தாண்டினால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டச் சொல்லுங்கள். நம் ஆசைக்காக மாமனோ மச்சானோ விமான நிலையத்தில் கைகட்டி நிற்கக்கூடாது.

கோவையில் வாங்கி கேரளத்துக்குக் கொண்டுவர ஏதாவது காகிதம் வேண்டுமா?

பில் போதும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் (சரக்கு எடுத்துச் செல்ல இணையத்தில் போடும் சீட்டு) வேண்டும், அதைக் கடைக்காரரே போடுவார்.

பழைய இஞ்சின் ஒன்று முழுதாகக் கிடைக்கிறது. வாங்கி மாற்றிவிடலாமா?

ஆர்.சி.யில் இஞ்சின் நம்பர் இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி அந்த நம்பரைப் பதிய வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதற்குப் பில் இல்லாத இஞ்சினைப் பதிய முடியாது, திருட்டு வண்டியின் இஞ்சினாகவும் இருக்கலாம். பில் இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேரளத்தில் மாடிஃபை செய்த காரைப் பிடிக்கிறார்களாமே?

பிடிக்கிறார்கள், அதற்குச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கே கேரளத்தில் இருந்து போனதுதான். அதே ஆண்டு கொண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்திருக்கிறது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனாலும் இதே மத்தியச் சட்டம்தான். வாளையாறில் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று இல்லை.

அதனால் நான் வண்டிகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். ரோட்டில் ஓடும் வண்டிக்கு, தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவில் தரமான பாகம் போட்டுத் தருவேன். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) கழற்ற மாட்டேன், சைலன்சரைத் திறக்க மாட்டேன். கேம், டர்போ, பெரிய இஞ்செக்டர் எல்லாம் டிராக் (ரேஸ் பாதை) வண்டிக்கு மட்டும். அது ரெக்கவரி வண்டியின் மேல் ஏறித்தான் டிராக்குக்குப் போக வேண்டும். இதில் சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. பரவாயில்லை.

லேத்தில் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போரிங் பண்ணச் சொல்ல வேண்டும். "0.50 ஓவர்சைஸ் போட்டு வையுங்க, பிஸ்டன் அப்புறம் வரும்" என்று சொல்வதுதான் பெரிய தவறு. நான்கு பிஸ்டனையும் ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி), தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் எந்த சிலிண்டர் என்று எண் போட்டு, அதற்கேற்ற இடைவெளி வைத்துப் போர் செய்து ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவது) செய்ய வேண்டும். முடிந்தால் டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதில் போல்ட் போட்டு இறுக்கும் தடித்த தகடு) மாட்டி ஹோனிங் செய்யச் சொல்லுங்கள். ஹெட்டை இறுக்கும்போது பிளாக் கொஞ்சம் வளையும். அந்த வளைவோடு ஹோனிங் செய்தால், ஹெட் மாட்டிய பிறகும் சிலிண்டர் வட்டமாகவே இருக்கும். வேலை முடிந்து பிளாக் வந்ததும் சோப்புத் தண்ணீரும் பிரஷும் வைத்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சிலிண்டரைத் துடைத்தால் சாம்பல் நிறம் வராத வரை கழுவ வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் ஹோனிங் தூள் போகாது, துளைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டேன், காலையில் டக் டக் என்று சத்தம் வருகிறது. போய்விட்டதா?

இல்லை. 2618 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. சூட்டில் அதிகமாக விரியும் என்பதால் குளிர்ந்த நிலையில் இடைவெளி அதிகம் வைத்திருப்பார்கள். வண்டி சூடானதும் சத்தம் நின்றால் பயப்பட வேண்டாம். தினமும் ஓட்டும் வண்டி என்றால் 4032 கலவை வாங்குங்கள். அதில் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் இருக்கிறது, விரிவு குறைவு, சத்தமும் குறைவு. சூடான பிறகும் சத்தம் இருந்தால் நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வாருங்கள்.

ரிங் செட்டைப் பிரித்து அப்படியே மாட்டலாமா?

மாட்டக்கூடாது. ஒவ்வொரு ரிங்கையும் அதன் சொந்த சிலிண்டரில் வைத்து, இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளி பார்க்க வேண்டும். ரிங்கை உள்ளே விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஓர் அங்குலம் கீழே தள்ளினால் ரிங் நேராக நிற்கும். அப்புறம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். டர்போ இல்லாத இஞ்சினுக்கு மேல் ரிங் இடைவெளி போரில் ஆயிரத்துக்கு நான்கு பங்கு என்பது பழைய கணக்கு. 75 மி.மீ. போருக்கு 0.30 மி.மீ. வருகிறது. டர்போ என்றால் ஆயிரத்துக்கு ஐந்து, ஆறு வரை. இரண்டாவது ரிங்குக்கு மேல் ரிங்கைவிடக் கொஞ்சம் அதிகம் வைக்கலாம். ரிங்கோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் சரி.

குறைவாக இருந்தால் அரத்தில் தேய்க்க வேண்டும். வெளிப்பக்கத்தில் இருந்து உள்பக்கமாக, ஒரே திசையில், ஒரு முனையை மட்டும். நான்கு இழுப்பு இழுத்து ஒரு தடவை அளந்து பாருங்கள். பொறுமை போனால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் செய்யுங்கள். முனையில் நிற்கும் பிசிறை ஆயில் கல்லில் லேசாக எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிசிறு முதல் நாளே சிலிண்டரைக் கீறும். இடைவெளி 0.05 மி.மீ. கூடினால் நஷ்டம் கொஞ்சம்தான். குறைந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி, பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளமே உடையும். புள்ளியோ எழுத்தோ உள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும்.

கன்ராடு மெட்டலுக்கு எவ்வளவு இடைவெளி?

ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு. 45 மி.மீ. ஜர்னல் என்றால் 0.045 மி.மீ. சர்வீஸ் மேனுவலில் உள்ள வரம்புக்குள் அது வர வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் மெல்லியதாகப் போட்டால் கம்ப்ரஷன் எவ்வளவு ஏறும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஸ்டீம் ஜி13 இஞ்சினில் போர் 74, ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 324.7 சி.சி. வருகிறது. கம்ப்ரஷன் விகிதம் 9.5 என்று வைத்துக்கொண்டால் மேலே மிச்சமிருக்கும் இடம் 38.2 சி.சி. கேஸ்கெட்டில் 0.3 மி.மீ. குறைத்தால் ஏறக்குறைய 1.3 சி.சி. போகும், விகிதம் 9.8 ஆகும். இவ்வளவுதான் லாபம். ஆனால் அந்த 0.3 மி.மீ. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இருக்கும் இடத்திலும் குறையும். அதை மறக்காதீர்கள்.

கேம் மாற்றினால் வேறு என்ன பார்க்க வேண்டும்?

வால்வு ஸ்பிரிங் அந்தக் கேமுக்குப் பொருத்தமா என்பது ஒன்று. வால்வு பிஸ்டனில் முட்டாதா என்பது இன்னொன்று. பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டையும் பெல்ட்டையும் மாட்டி, கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். பதிந்த களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டி, மெல்லிய இடத்தை வெர்னியரில் எடுங்கள். இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. கட்டாயம் வேண்டும். கையால் சுற்றும்போது எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காதீர்கள். தடுத்தது வால்வுதான்.

போல்ட்டை எவ்வளவு இறுக்குவது?

போல்ட்டை விற்றவர் தந்த எண்ணுக்கு, அவர் தந்த கிரீஸ் போட்டு. இஞ்சின் ஆயில் போட்டு இறுக்குவதும், ஸ்டட்டோடு வந்த மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் போட்டு இறுக்குவதும் டார்க் ரெஞ்சில் ஒரே எண் காட்டினாலும் ஒரே இறுக்கம் ஆகாது. கோண அளவில் இறுக்கும் கம்பெனி ஹெட் போல்ட் பெரும்பாலும் நீண்டு கொடுக்கும் வகை, மறுபடி போடக்கூடாது. பிளாக்கில் அடி மூடிய துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் காற்றடித்து எடுங்கள். தேங்கிய நீரின் மேல் போல்ட் இறங்கினால் பிளாக் வெடிக்கும், பார்த்திருக்கிறேன்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ட்யூனிங் மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 14.7. இ20-க்குச் சுமார் 13.5. அப்படியென்றால் அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் அதிக பெட்ரோல் போக வேண்டும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்து இ.சி.யு. (இஞ்சினை நடத்தும் கணினி) தானே சரி செய்துகொள்ளும். முழு த்ராட்டிலில் அப்படி இல்லை, மேப்பில் (இ.சி.யு.வில் எழுதி வைத்த எரிபொருள் அட்டவணை) எழுதியதுதான் போகும். பழைய மேப் வைத்த டிராக் வண்டி அங்கேதான் பெட்ரோல் போதாமல் வறண்டு ஓடிப் பிஸ்டனைத் துளைக்கும். வைட்பேண்ட் சென்சார் (கலவையைத் துல்லியமாக அளப்பது) மாட்டி, விகிதத்தில் படிக்காமல் லாம்டாவில் (சரியான கலவையை 1 என்று வைக்கும் அளவு) படியுங்கள். எந்தப் பெட்ரோலுக்கும் அது பொருந்தும். டர்போ இல்லாத இஞ்சினுக்கு முழு லோடில் 0.86-இல் இருந்து 0.88 வரை நான் வைப்பது. பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் 30ஆர்9 (பெட்ரோல் ஹோஸுக்கான தர எண்) வகை ஹோஸாக மாற்றுங்கள்.

பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் வெயிலுக்கு இஞ்சினுக்குள் போகும் காற்றே சூடு. ஜனவரியில் வைத்த இக்னிஷன் டைமிங்கில் இஞ்சின் அப்போது தட்டும் (பெட்ரோல் தானாகவே பற்றி நாக் அடிக்கும்). வெயில் காலத்தில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

திறந்த ஏர் ஃபில்டர் நல்லதா?

எங்கள் ஊர்ப் புழுதிக்கு நான் போடுவதில்லை. கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் செம்மண் நிறம். அதோடு ஃபில்டரைக் கீழே பம்பருக்குப் பின்னால் வைத்தால், ஜூன் மழையில் ரோட்டில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக் கன்ராடு வளையும். கம்பெனிப் பெட்டியும் நல்ல பேப்பர் ஃபில்டரும் போதும்.

கூலன்ட்டுக்கு வீட்டுத் தண்ணீர்?

வேண்டாம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. கெட்டில் அடியில் படிவதுதான் ஹெட்டுக்குள்ளும் படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

முதல் ஸ்டார்ட் எப்படி?

பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை பத்துப் பத்து நொடியாகச் சுழற்றுங்கள். ஏறிய பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். மினரல் ஆயில் போதும், சிந்தெடிக் அப்புறம். ஒழுகல் எதுவும் இல்லை என்றால் ஐடிலில் மணிக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டாம். லோடு இல்லாமல் ரிங் உட்காராது. மூன்றாவது கியரில் மிதமாக ஏற்றி, ஆக்சிலேட்டரை விட்டு இறங்க விட்டு, மறுபடி ஏற்றி, ஒரு 50 கி.மீ. ஓட்டுங்கள். ஆயிலை மாற்றுங்கள். 500 கி.மீ.யில் இன்னொரு தடவை.

எங்கே போய் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது?

தேசிய நெடுஞ்சாலையில் இல்லை, வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இல்லை. கோவை பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003-ல் திறந்தது, 2.1 கி.மீ. சுற்று. மாருதி 800 இஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார் செய்த கரிவரதனின் பெயரில் அமைந்த டிராக். கொஞ்சம் காசு கட்டி நாள் பதிந்துகொண்டால் அரைநாளில் உங்கள் வண்டியைப் பற்றி ஒரு வருடம் ரோட்டில் ஓட்டித் தெரியாதது தெரியும். தண்ணீர் சூடு, ஆயில் சூடு இரண்டையும் ஒவ்வொரு சுற்றுக்கும் எழுதி வையுங்கள்.

எல்லாம் நன்றாக உட்கார்ந்ததா என்று எப்படித் தெரியும்?

500 கி.மீ.யில் கழற்றும் ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். தகரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை வெளியே எடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். மாவு போல மினுமினுப்பு கொஞ்சம் இருப்பது புது இஞ்சினுக்குச் சகஜம். காந்தத்தை அருகில் கொண்டு போனால் ரிங், சிலிண்டர் தூள் ஒட்டும். நகத்தில் சிக்குகிற அளவு செதில்கள் இருந்து, அவை காந்தத்தில் ஒட்டாமல் செம்பு நிறமாகவோ வெள்ளி நிறமாகவோ இருந்தால் அது பேரிங் மெட்டல். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சம்பை (இஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றுங்கள். என் வண்டியின் அந்த நான்காவது ஜர்னலுக்காகவே நான் மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன். சாம்பல் மாவு தவிர எதுவும் இல்லை. அந்தக் காகிதத்தை இன்றும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.